சொட்டு நீலம்

ஜூலை 3, புதன்

இன்று கடையில் நல்ல கூட்டம். ஒரு வெள்ளைக் காரின் கதவுக்கும் ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டரின் முன்பக்கத்துக்கும் கலர் கலந்து கொடுத்தேன். போன வாரம் கலந்து வாங்கிப் போன ஒருவர் போன் போட்டு, ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை என்று ஐந்து நிமிஷம் புகழ்ந்தார். எப்படித் தெரியும்? கலந்தது யார்? கோயமுத்தூரில் மயிலாத்தாள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கலரம்மா என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேரே என் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

திருப்பூர் மோகனசுந்தரம் கூப்பிட்டார். பனியன் கம்பெனிக்காரர், பழைய பைக்குகளைச் சேர்த்து வைக்கிற கிறுக்கு உண்டு. சூலூரில் ஒருவரிடம் ரெட்ஃபெர்ன் என்ற பழைய சீமை பைக் ஒன்று விலைக்கு வருகிறதாம். எங்கள் ஊர் வாயில் அது ரெட்பன். இந்தப் பக்கத்தில் மொத்தமே இரண்டோ மூன்றோதான் இருந்திருக்கும். பெயிண்ட் முழுக்கக் கம்பெனியில் அடித்தது, யாரும் தொடவில்லை என்று விற்கிறவர் சத்தியம் செய்கிறார், நீங்கள் வந்து பார்த்து ஆமாம் என்றால் வாங்குகிறேன், இல்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்றார். என் வாய் வார்த்தை போதும் அவருக்கு.

எனக்கு ரெட்பன்னைத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் வால்பாறை எஸ்டேட் ஒன்றில் வெயில் படாமல் மூடி வைத்திருந்த ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. இவர் தகர வேலை பார்த்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு டேங்க், இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை. வெறும் வெள்ளை இல்லை. வேட்டியை அலசிக் கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டு முக்கி எடுத்தால் ஒரு வெள்ளை வருமே, அந்த வெள்ளை. மற்றவர்களுக்கு முகம் மறக்காது என்பார்கள். எனக்கு நிறம் மறக்காது.

வேட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இவருடைய வேட்டிகள் எல்லாம் பழுப்படித்துக் கிடக்கின்றன. என்ன தண்ணீர் விடுகிறார்களோ தெரியவில்லை. இன்று நீலத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

சூலூர் போய் வந்தோம். கூட வினோதினியைக் கூட்டிப் போனேன். மருமகள். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், வாரக் கடைசியில் வருவான். இவள் எம்.காம். படித்துவிட்டு என்னுடன் கடையில் நிற்கிறாள். பெயிண்ட் வாசனை பிடிக்கும் என்று சொன்ன பெண்ணை இவளைத் தவிர நான் பார்த்ததில்லை. வேலையில் குறை சொல்ல முடியாது. நான் கலந்து வைத்தால், "நான் இன்னொருக்காக் கலக்கி மூடி வெக்கறனுங்க அத்தை" என்று டின்னை வாங்கிக்கொள்வாள். எத்தனை தடவை கலக்குவாளோ.

வண்டிக்காரர் பெயர் நஞ்சப்பன். அறுபது இருக்கும். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்கிறார். அவருடைய அப்பா, வெள்ளைக்கார மில் மேனேஜர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன வண்டியை வாங்கியவராம். அந்த அப்பாவின் படம் மாலையோடு நடு வீட்டில் தொங்குகிறது. மோகனசுந்தரமும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள்.

நான் அவசரப்படவில்லை. முதலில் எல்லோரும் பார்க்க மறக்கிற இடங்களைப் பார்ப்பேன். மட்கார்டின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில், ஸ்டாண்ட் மடிகிற மூலை. இஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அடித்த எழுத்து அப்படியே கூர்மையாக இருந்தது. கறுப்பு பெயிண்ட் சந்தேகமில்லாமல் கம்பெனி கறுப்பு. இந்தக் காலத்துக் கறுப்பில் கண்ணாடி போல முகம் தெரியும், அந்தக் காலத்துக் கறுப்பு எண்ணெய் தேய்த்த இரும்புச் சட்டி மாதிரி இருக்கும்.

பிறகு டேங்க். வெள்ளைப் பட்டையைத் தடவினேன். முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் விரலுக்குத் தட்டின. விரல் பழசு என்றது. ஆனால் வெள்ளையில் நீலம் இல்லை. பட்டைமேல் திருகியிருந்த கம்பெனிப் பெயர்த் தகட்டை, அந்தப் பேட்ஜைக் கழற்றச் சொன்னேன். பேட்ஜுக்கு அடியில் வெயில் படாது, அங்கே இருக்கிற நிறம்தான் பிறந்த நிறம். அங்கேயும் நீலம் இல்லை. வெளியே என்ன நிறமோ உள்ளேயும் அதே நிறம். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுபது வருஷம் வெயில் பட்ட வெள்ளையும் வெயிலே படாத வெள்ளையும் ஒன்றுபோல இருக்குமா? பேட்ஜைக் கழற்றிவிட்டு யாரோ பின்னால் அடித்திருக்கிறார்கள்.

வினோதினி குனிந்து பார்த்து, "பேட்ஜுக்கு அடியில நீலம் தெரியுதுங்களே அத்தை" என்றாள். செல்போனைப் பார்த்துப் பார்த்து உனக்கு எல்லாமே நீலமாகத்தான் தெரியும் கண்ணு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தீர்ப்பைச் சொன்னேன்.

"வண்டி அசலுங்க. டேங்க் பட்டை மட்டும் பின்னாடி அடிச்சது. இது கம்பெனி வெள்ளை இல்லீங்க."

நஞ்சப்பன், "சாவற வரைக்கும் எங்கப்பா சொன்னாருங்க அம்மிணி, இதுல ஒரு பிரஷ் பட்டதில்லைன்னு" என்றார்.

"வண்டி வெச்சிருக்கற அப்பாமாருங்க எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றேன். மோகனசுந்தரத்தின் ஆட்கள் மறுபடி சிரித்தார்கள். காப்பி நன்றாக இருந்தது.

ஜூலை 6, சனி

சோறு வடித்தேன். இந்தப் பொன்னி அரிசி மோசம், எலுமிச்சம்பழச் சோறு மாதிரி இருக்கிறது. அரிசிக்கடைக்காரரிடம் நல்லவிதமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 10, புதன்

மோகனசுந்தரம் நல்ல யோசனை செய்திருக்கிறார். எப்படியும் அசல் பட்டை போய்விட்டது, அந்தப் பழைய நீலம் கலந்த வெள்ளையைக் கலரம்மா கையால் அடித்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள், ஆடி முடிந்து ஆவணியில் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று நஞ்சப்பனிடம் சொல்லியிருக்கிறார். இந்தத் தமிழ்நாட்டில் அந்த நிறத்தை ஞாபகத்திலிருந்து கலக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மத்தியானம் நஞ்சப்பனே டேங்கைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைத்தவர் உடனே போகவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்ப எங்கப்பா என்கிட்டப் பொய்தான் சொல்லியிருக்காருங்களா அம்மிணி?"

அவர் அடித்திருக்க மாட்டார், யாரிடமாவது கொடுத்து அடித்து வாங்கியிருப்பார், அந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. போகும்போது டேங்கைச் சுற்றிக் கொண்டுவந்த வேட்டியை வாங்காமலே போய்விட்டார்.

ஜூலை 12, வெள்ளி

நீல டின் காலி! போன மாதம்தான் வாங்கினேன். இந்த மாதம் வந்ததெல்லாம் வெள்ளையும் சாம்பலும், நான் தொட்டது எண்ணி நாலு சொட்டு. வினோதினியைக் கேட்டால் கை தவறிக் கொட்டிவிட்டது என்கிறாள். தரையில் கறை ஒன்றும் காணோம். நன்றாகத் துடைத்திருக்கிறாள் போல.

கடையில் டியூப் லைட் மங்கிவிட்டது. புதிது வாங்கி மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள். இதுவும் மங்கல்தான். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்வதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இவர் டீக்கடையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். மகன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். டீக்கடையில் யாரோ, "செல்லமுத்தண்ணன் எந்தக் கட்சியில சேந்துட்டாரு?" என்று கேட்டார்களாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வெள்ளை வேட்டி கட்டினால் எல்லோரும் கட்சிக்காரர்களா? மூன்று வேட்டியைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்தேன். எத்தனை சொட்டு விட்டாலும் பழுப்புப் போகமாட்டேன் என்கிறது. கடைசியில் மூடியைக் கழற்றி ஊற்றிவிட்டேன்.

மகன் சாப்பிடும்போது, "அம்மா, ஒருக்காக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமா?" என்று ஆரம்பித்தான். இந்தக் கண்ணை வைத்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன், சாப்பிடு என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. இன்றே டேங்க் பட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பிரைமர் அடித்து வைத்துவிடலாம் என்று பார்த்தால் வினோதினி, பட்டைக்குத் தகுந்த மெல்லிய உப்புத்தாள் இல்லை என்றாள். பக்கத்துக் கடையில் வாங்கி வா என்றால் அங்கேயும் இல்லையாம். பிறகு, ஆடியில் பழைய பெயிண்டைச் சுரண்டக் கூடாது என்று அவள் அம்மா சொல்லுவார்களாம். இப்படி ஒரு சாஸ்திரத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆவணிக்குத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சும்மா இருப்பானேன் என்று நிறத்தை மட்டும் கலந்து பார்த்தேன். வெள்ளையில் நீலம் விட்டேன், போதவில்லை. இன்னும் விட்டேன். வால்பாறை டேங்க் கண்முன்னால் வரும்வரை விட்டேன். அட்டையில் தடவிக் காயவைத்து எல்லோருக்கும் காட்டினேன். வினோதினி பார்த்துவிட்டு டின்னை மூடப் போய்விட்டாள். இவர் அட்டையை வாங்கித் தன் வேட்டிமேல் வைத்துப் பார்த்தார்.

"புள்ள, இது என்ர வேட்டியாட்டமே இருக்குது."

அதைத்தானே நானும் சொல்கிறேன்! சரியாக வந்துவிட்டது.

ஜூலை 24, புதன்

இவருக்குக் கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதாம். தனியாகப் போகப் பயம் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே போனதும் இவருக்கு ஒன்றுமில்லை என்று இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள். வந்தது வந்துவிட்டீர்கள், அம்மாவுக்கும் பார்த்துவிடலாமே என்று டாக்டர் என்னை உட்கார வைத்தார். நேற்றுப் படித்துவிட்டு வந்த மாதிரி சின்னப் பெண். டார்ச் அடித்தார், எழுத்துப் படிக்கச் சொன்னார். அவர்கள் போர்டில் எழுத்தே சரியில்லை. கண்புரை, இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றியிருக்கிறது, எப்படி இத்தனை நாள் சமாளித்தீர்கள் என்று கேட்டார்.

சமாளித்தேனா? நன்றாகத்தான் இருந்தேன். பேப்பர் படிக்க மட்டும் கொஞ்சம் சிரமம்.

வெளியே வந்ததும் இவருடைய பூச்சி எல்லாம் பறந்து போய்விட்டது. வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஏதோ காரியத்தைச் சாதித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. மாமனார் மாமியாருக்கு இலை போட்டேன். வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல். காக்கா கூப்பிட்டதும் வந்தது. மாமனாருக்கு என் சமையல் எப்போதும் பிடிக்கும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நாளைக்கு வலது கண்ணில் ஆபரேஷன். ஊரில் எல்லோரும் செய்துகொள்கிறார்கள், காய்கறி வாங்கப் போகிற மாதிரி காலையில் போய் மத்தியானம் வந்துவிடுகிறார்கள். எனக்குப் பயம் ஒன்றுமில்லை. சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன், அவ்வளவுதான்.

ஒரு வாரத்துக்குத் தூசிப் பக்கமே போகக் கூடாதாம். ஆவணிக்கு நாள் இல்லை. வினோதினியைக் கூப்பிட்டு, நாளைக்கு நான் இல்லாத நேரத்தில் டேங்க் பட்டை இரண்டையும் தேய்த்து எடுத்துவிடு, நான் வரும்போது தகரம் தெரிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உப்புத்தாளும் நானே வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். சரிங்க அத்தை என்றாள். அவள் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அவள் சொல்ல நான் எழுதுவது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் பெண்ணின் கை சுத்தம் என்று எழுதச் சொல்கிறாள். கட்டு நாளைக்கு அவிழ்ப்பார்கள். உப்புமாவில் உப்பு இல்லை என்றும் எழுதச் சொல்கிறாள். – செல்லமுத்து.

ஆகஸ்ட் 7, புதன்

இதை எப்படி எழுதுவது?

காலையில் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் டாக்டரின் கோட் தெரிந்தது. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. ஆட்டோவில் வரும்போது வானத்தைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன், ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் ரிப்பனைப் பார்த்தேன். எல்லாவற்றையும் யாரோ கழுவி வைத்த மாதிரி இருந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கொடியில் நீலத் துணி காய்ந்துகொண்டிருந்தது. வானம் மாதிரி நல்ல நீலம். யாருக்கு இந்த நீல வேட்டி வாங்கினீர்கள் என்று கேட்டேன். கிட்டே போய்க் கரையைப் பார்த்தேன். நான் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த வேட்டி. பக்கத்தில் தொங்கிய மூன்றும் அப்படித்தான். திரும்பி இவரைப் பார்த்தேன். இடுப்பில் கட்டியிருந்ததும் நீலம்.

வலது கண்ணை மூடினேன். வேட்டி வெள்ளையாக, கொஞ்சம் பழுப்பாகத்தான் இருந்தது. இடது கண்ணை மூடினேன். நீலம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். ஒரே வேட்டி. நான் ஒருத்தி. இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சாட்சி சொல்லின.

அப்போதுதான் டேங்க் ஞாபகம் வந்தது.

தூசி, டாக்டர், கறுப்புக் கண்ணாடி எல்லாம் மறந்துபோயிற்று. பின்கட்டிலிருந்து வீட்டு முன்பக்கம் இருக்கிற கடைக்கு ஓடினேன். வினோதினி நேற்றே தேய்த்திருப்பாள். நான்தானே சொன்னேன், தகரம் தெரிய வேண்டும் என்று. நானே உப்புத்தாள் வாங்கிக் கொடுத்தேனே. மேஜைமேல் டேங்க் இல்லை. உப்புத்தாள் பிரிக்காமல் கிடந்தது. அலமாரிக்கு அடியில், நஞ்சப்பன் விட்டுப்போன அந்தப் பழைய வேட்டியில் சுற்றியபடி டேங்க் இருந்தது. சுற்றைப் பிரித்தேன். பட்டை அப்படியே இருந்தது.

வெளியே பட்டை பழுத்துப்போன வெள்ளை. பேட்ஜைக் கழற்றிப் பார்த்தேன். பேட்ஜுக்கு அடியில், வால்பாறை டேங்கில் நான் பார்த்த அதே நீலம் விட்ட வெள்ளை, நேற்று அடித்த மாதிரி இருந்தது. வெளியே வெயில் தின்ற நிறம், உள்ளே பிறந்த நிறம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? எழுபது வருஷமாக ஒரு பிரஷ் இதில் பட்டதில்லை.

பக்கத்தில் என் அட்டை இருந்தது. நான் கலந்து தடவிய நிறம். நீச்சல் குளம்.

வினோதினி கதவருகே நின்றிருந்தாள். ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டேன். மனசு வரவில்லை என்றாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருஷமாக நான் கலந்து வைக்கிற ஒவ்வொரு வெள்ளையிலும் சாம்பலிலும் நீலம் குறைவாக இருக்கிறதாம். வண்டியையும் கலவையையும் பக்கத்தில் வைத்தால் என் கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்பு, குறைவது எப்படித் தெரியும்? நான் சாப்பிடப் போகிற நேரத்தில் இவள் டின்னைத் திறந்து, வண்டிக்குத் தகுந்தபடி சொட்டு விட்டுக் கலக்கி மூடி வைப்பாளாம். ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை என்று எனக்கு வந்த போன் எல்லாம் இவளுக்கு வந்திருக்க வேண்டியது.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கிறாயே, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா என்று சத்தம் போட்டேன்.

"சொன்னனுங்களே அத்தை. சூலூர்ல."

கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் காப்பாற்ற முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இவரிடம் கேட்டேன். ஊர் சிரிக்கிற வேட்டியை ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கட்டினீர்கள்? முதலில் நன்றாகத்தானே இருந்தது என்று மழுப்பினார். விடவில்லை.

"வேட்டி நீலம்னு சொன்னா, உன்ர கண்ணு போச்சுன்னு சொன்ன மாதிரி ஆயிருமே புள்ள."

டீக்கடையில் எந்தக் கட்சி என்று கேட்டால் இனிமேல் என் கட்சி என்று சொல்லுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒரு வாரம் வெளியே போகக் கூடாது என்றார் டாக்டர். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சூலூருக்குப் புறப்பட்டேன். போனில் சொல்கிற விஷயமா இது? நாலு பேர் சிரிக்கச் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். மோகனசுந்தரத்தையும், அன்று சிரித்த அந்த இரண்டு பேரையும் கட்டாயம் வரச் சொன்னேன். டேங்கை வினோதினி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நஞ்சப்பன் கதவைத் திறந்தார். புதுப் பெயிண்ட் அடித்து வந்திருக்கும் என்று நினைத்திருப்பார் போல, டேங்கைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. வாங்க என்று மட்டும் சொன்னார். நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மனிதர், இன்று தோள் தொங்கி நின்றார். நான் உட்காரவில்லை.

"உங்கப்பா பொய் சொல்லலீங்க. பொய் சொன்னது என்ர கண்ணு. இந்தப் பட்டையில பிரஷ் பட்டதில்லீங்க. கம்பெனியில அடிச்சது அடிச்சபடி இருக்குதுங்க."

கண்புரை, வேட்டி, அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. வேட்டிக் கதையில் அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், இந்தத் தடவை சிரிப்பு என் கணக்கில்.

மோகனசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. வியாபாரி அல்லவா. "போன தடவையும் இதே மாதிரித்தானுங்களே உறுதியாச் சொன்னீங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயம். எனக்கு ஒரு கண்தான் சரியாகியிருக்கிறது, இன்னொன்று இன்னும் பழைய பாட்டைத்தான் பாடுகிறது. நான் பின்னால் நகர்ந்து வினோதினியை டேங்குக்கு முன்னால் நிறுத்தினேன்.

"நீ பாத்துச் சொல்லு கண்ணு."

பால்காரரிலிருந்து பாங்க் மேனேஜர் வரைக்கும் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன். இன்றுதான் அந்த வார்த்தையை அர்த்தத்தோடு சொன்னேன்.

அவள் முதலில் தயங்கினாள். பிறகு அவசரப்படாமல் மட்கார்டின் உள்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பேட்ஜைக் கழற்றி, வெளிநிறத்தையும் உள்நிறத்தையும் எல்லோரையும் வாசல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். வித்தியாசம் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. திருகு போகிற ஓட்டையின் ஓரத்தில் பெயிண்ட் உடையாமல் வளைந்து உள்ளே இறங்கியிருப்பதையும் காட்டினாள், பின்னால் அடித்திருந்தால் அங்கே இரண்டு அடுக்குத் தெரியுமாம். அது எனக்கே தோன்றவில்லை. மோகனசுந்தரம் குனிந்து நிமிர்ந்து நாலு தடவை பார்த்தார். ஆவணி முதல் வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன், பட்டையைத் துணியால்கூடத் துடைக்க வேண்டாம் என்றார். அசல் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். வினோதினியை முதலில் கையெழுத்துப் போட வைத்து, அதற்குக் கீழே நான் போட்டேன்.

அவர்கள் எல்லோரும் போன பிறகும் நஞ்சப்பன் டேங்க் பக்கத்திலேயே நின்றார். கோபமாக இரண்டு வார்த்தை திட்டுவார் என்று நான் தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடு வீட்டைப் பார்த்தேன். அப்பா படத்தில் மாலை காய்ந்து சருகாகத் தொங்கியது.

"அமாவாசைக்கு எங்கப்பனுக்கு எல போடலீங்க அம்மிணி. பொய்யனுக்கு என்னத்துக்கு எலன்னு விட்டுட்டனுங்க."

அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டேங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அந்த அமாவாசையை எங்கிருந்து திருப்பிக் கொடுப்பது? நான் வீட்டில் வடையும் பாயசமுமாக இலை போட்டுக் காக்கா வந்ததைப் பெருமையாக எழுதிய அதே நாள், இங்கே ஒருவர் என் பேச்சைக் கேட்டு அப்பனுக்குச் சோறு போடாமல் இருந்திருக்கிறார்.

இன்றைக்கு அமாவாசை இல்லை. இல்லாவிட்டால் என்ன. சமையற்கட்டு எங்கே என்று கேட்டேன். வேண்டாங்க அம்மிணி என்றார். நஞ்சப்பன் வீட்டம்மாவுக்கு நான் கேட்டது புரிந்துவிட்டது, அரிசியைக் களைய உட்கார்ந்துவிட்டார். வினோதினி காய் நறுக்கினாள். நான் பாயசம் வைத்தேன். கண்ணில் புகை படக் கூடாது என்று என்னைப் பாதியில் அடுப்பிலிருந்து விரட்டிவிட்டார்கள்.

நஞ்சப்பன் குளித்துவிட்டு வந்து படத்துக்குப் புது மாலை போட்டார். டேங்கைக் கொண்டுவந்து படத்துக்குக் கீழே வைத்தார். நடுவில் இலை விரித்தார். யார் பரிமாறுவது என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் பரிமாறலாமா என்று கேட்டேன். அவர் கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

சோறு போட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சோறு வெள்ளையாக இருந்தது.